அந்த வீட்டுச் சர்க்கரை

என் மகள் பெனிட்டாவின் ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது. முடிவு வர ஒரு மாதம்கூட ஆகலாம் என்றார்கள். ஏனாத்தூரில் அவள் படிக்கிற கல்லூரியில் மருத்துவ முகாம் நடத்தி, பிள்ளைகளுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் நூற்று இருபத்தெட்டு. வயது இன்னும் இருபது முடியவில்லை. அந்தச் சர்க்கரை என்னுடையதா, அவள் அத்தையுடையதா என்பதுதான் இப்போது தெரிய வேண்டும். என்னுடையது என்றால் மாத்திரை, ஊசி, கண், கால் என்று நான் பட்டதெல்லாம் அவளும் படுவாள். அத்தையுடையது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

அதனால் இந்த நாட்களில் எனக்கு என் நாத்தனார் நினைப்பாகவே இருக்கிறது. செத்து மூன்று வருஷம் ஆகியும் என்னை நிம்மதியாக இருக்க விடுகிறாளா பாருங்கள்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணம் ஆன இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். நேரில் அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் என்றைக்கும் அவள்தான், இவள்தான். எழுதும்போது மட்டும் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

அவள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். அள்ளிப் போட்டுக்கொள்கிறவள் இல்லை. நிதானமாக, ஒரு பயமும் இல்லாமல் சாப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்தோம். காலை பதினொரு மணிக்கு டீ வந்தால் அவள் டம்ளரில் மட்டும் சர்க்கரை தனியாகக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். கலக்க மாட்டாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அடியில் ஊறிக் கிடக்கும் சர்க்கரையை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொள்வாள். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால், மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பையில் வைப்பார்கள். இவள் அங்கேயே பிரித்து முதல் துண்டைத் தானே எடுத்துக்கொண்டுதான் எங்களுக்கு நீட்டுவாள். நாங்கள் தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். ஆனால் கூட வேலை செய்கிற பெண்கள் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தால் அதையும் விட மாட்டாள். கேட்டால், "சாமி வேற, பொங்கல் வேறம்மா" என்பாள்.

இத்தனைக்கும் அவளுக்குச் சர்க்கரை இருந்தது. பதிமூன்று பதினான்கு வயதில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண்டுபிடித்தது. அவள் அம்மாவுக்கு இருந்தது. முசரவாக்கத்தில் இருந்த மாமனுக்கு இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் உண்டு. எப்போது பார்த்தாலும் நூற்று இருபது, நூற்று முப்பது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அந்த வீட்டில் யாரும் மாத்திரை சாப்பிட்டதில்லை, யாருக்கும் ஒரு புண் ஆறாமல் இருந்ததில்லை. மாமன் தொண்ணூறு வயது வரை கரும்பு கடித்துவிட்டுப் போனார். "எங்க வூட்டு சர்க்கரை ஒண்ணும் பண்ணாது" என்பது அவர்களுக்கு வேதவாக்கு மாதிரி.

கடையிலும் அவள்தான் ராணி. புடவையை விரித்துக் காட்டுவதோடு நிற்காமல், தன் தோளில் போட்டு முந்தியை ஒரு வீசு வீசிக் காட்டுவாள். கறுத்த, அகன்ற உடம்பு. ஐம்பதை நெருங்கிய பொம்பளை. அவள் மேல் போட்டால் எந்தப் புடவையும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். முகூர்த்தப் புடவைக்கு வருகிறவர்கள் "போன தடவை எங்க பெரியவளுக்கு எடுத்துக் குடுத்தாங்களே, அந்தம்மா எங்கே?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அவள் விரித்துப் போட்டதை மடித்து அடுக்குவது என் வேலை. அவள்தான் என்னை அந்தக் கடையில் சேர்த்துவிட்டது என்பதால் அதையும் நான் சந்தோஷமாகச் செய்ய வேண்டும். என் மடிப்பை இதுவரை எந்த மணப்பெண்ணும் கேட்டுக்கொண்டு வந்ததில்லை.

பெனிட்டா வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. பிரசவத்தோடு போய்விடும் என்றார்கள். போனது. மறுபடி இரண்டு வருஷத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாத்துக்கும்மா இது? நம்ம வூட்டுக்கு வந்துட்ட இல்ல, நம்ம வூட்டு சர்க்கரை உனுக்கும் ஒட்டிக்கிச்சு. ஒண்ணும் ஆவாது. என்னைப் பாரு. நான் எதுனா மாத்திரை துன்றேனா?"

"டாக்டரு நேரத்துக்குப் போடணும்னு சொன்னாரு அண்ணி."

"அவுரு ஊருக்கெல்லாம் சொல்றாரு. நம்ம வூட்டைப் பத்தி அவுருக்கு இன்னா தெரியும்? இந்தா, வாயத் தொற." கையில் இருந்த மைசூர்பாக்கில் பாதியை என் வாயில் வைத்தாள்.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாலாஜாபாத் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் நான். அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் பேச்சு நிற்கும். நான் வைத்த குழம்பில் இவர் அக்கா கையைத் தேடுவார். முதல் தடவையாக 'நம்ம வீட்டு' என்று ஒன்றில் என்னையும் சேர்த்துச் சொன்னாள். அது வியாதியாக இருந்தால் என்ன? நானும் அவளைப் போலவே தின்றேன். அவள் அடிச்சர்க்கரையை வழித்தால் நானும் வழித்தேன்.

அப்படி ஐந்தாறு வருஷம் ஓடியது.

ஒரு ஆவணி மாதம், கடையில் நிற்க இடமில்லை. செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவைக்கு வந்திருந்தது. அண்ணி சந்தன நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவையை விரித்தாள். நான் அந்தப் பக்கம் நின்று தலைப்பைப் பிடித்து நீட்டினேன். கடைக்குள் நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் இருப்போம். வெள்ளைத் துணி போட்ட மெத்தை மேல் நடந்து நடந்துதான் வியாபாரம். மணப்பெண்ணின் அம்மா திடீரென்று புடவையைக் காட்டி, "இது என்ன ரத்தம்?" என்றாள்.

பார்டருக்குப் பக்கத்தில் மூன்று நான்கு இடத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. வெள்ளைத் துணியிலும் இருந்தது. எல்லோரும் அவரவர் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் ஒப்புக்குத்தான் தூக்கினேன். என் வலது கால் கட்டைவிரலுக்கு அடியில், விலைச்சீட்டு குத்துகிற பின் முழுசாக இறங்கியிருந்தது. எப்போது குத்தியது, எவ்வளவு நேரம் அதோடு நடந்தேன், எதுவும் எனக்குத் தெரியவில்லை. வலியே இல்லை.

அண்ணி ஒரு நொடியில் அந்தப் புடவையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "ஒண்ணும் இல்லீங்கம்மா, குங்குமக் கலர்ல ஒண்ணு இருக்குது, உங்க பொண்ணு நெறத்துக்கு அதுதான் தூக்கும்" என்று அடுத்ததை விரித்துத் தோளில் போட்டாள். அந்த அம்மா முகம் சுளித்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அவ்வளவு ஆன பிறகும் வியாபாரம் அவள் கணக்கில்தான். நான் பின்பக்கம் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புண் ஆறவே இல்லை. இரண்டு மாதத்தில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்ததாம். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் திட்டிய திட்டை என் அப்பாகூடத் திட்டியதில்லை. பக்கத்தில் அண்ணி ஹார்லிக்ஸ் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு காலும் பத்து விரலும் இருந்தன. நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மெட்டி போட்ட தழும்பு இன்னும் மறையாத, வெடிப்பு விட்ட, திடமான கால்கள். அவ்வளவு பொறாமை எனக்கு அவள் முகத்தின் மேல்கூட வந்ததில்லை.

ஆனாலும் அப்போதும் யாருக்கும் விளங்கவில்லை. "பின்னு குத்துனதாலதான் ஆச்சு, சர்க்கரையால இல்ல" என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்கள். விளங்கவைத்தது எங்கள் சபையில் நடந்த கண் முகாம். சென்னையிலிருந்து வந்த கண் டாக்டரம்மா முதலில் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே ரத்தப் புள்ளிகள் இருக்கின்றன, உடனே சிகிச்சைக்கு வர வேண்டும் என்றார். அடுத்து அண்ணியைப் பார்த்தார். எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று கேட்டார். முப்பது வருஷத்துக்கும் மேலே இருக்கும் என்றாள் இவள். என்ன மாத்திரை என்று கேட்டார். "எதுவும் இல்லீங்க" என்றாள். டாக்டரம்மா விளக்கை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். "குழந்தை கண்ணு மாதிரி இருக்கே" என்றார். என் முறை முடிந்துவிட்டது, நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அந்த நாற்காலி ஓரமாகவே நின்று அதையும் கேட்டுத் தொலைத்தேன்.

அவர் சொல்லித்தான் அண்ணியைச் சென்னைக்கு வரவழைத்தார்கள். ஆராய்ச்சிக்காக என்று அவர்களே ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு சொல்ல எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். இளம் வயது டாக்டர், பொறுமையாகப் பேசினார். நாம் சாப்பிடுகிற சர்க்கரை கணையத்துக்குள் நுழையும்போது குளுக்கோகைனேஸ் என்று ஒரு நொதி வாசலிலேயே அதைப் பிடித்து, அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுமாம். ஒட்டிய பிறகு அந்தச் சர்க்கரை வெளியே திரும்பிப் போக முடியாது, உள்ளேயே எரிந்து சக்தியாக வேண்டியதுதான். எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது என்பதை வைத்துத்தான், ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, இன்சுலின் விட வேண்டும் என்று கணையத்துக்குத் தெரியுமாம்.

அண்ணிக்கு இது உடனே புரிந்துவிட்டது. "கடைக்கு சரக்கு வந்தா சீட்டு குத்துவோமே, அதுபோலயா சார்? சீட்டு குத்திட்டா அந்தப் புடவை திரும்ப நெசவுக்காரர்கிட்ட போவாது. எத்தனை குத்துறோம்னு பாத்துத்தான் முதலாளிக்கு இன்னிக்கு எவ்ளோ சரக்கு வந்துதுன்னு தெரியும்."

"அதேதாம்மா. உங்களுக்குப் பிறவியிலேயே அந்தச் சீட்டு குத்துறவர் கொஞ்சம் மந்தம். மத்தவங்களுக்குத் தொண்ணூறு தாண்டுறப்பவே முழிச்சுக்குவார். உங்களுக்கு நூத்தி இருபதுக்கு மேலதான் முழிக்கிறார். ஆனா முழிச்சதுக்கு அப்புறம் வேலையை ஒழுங்கா செய்யறார். அதனால அதுக்கு மேல ஏற விடமாட்டார். உங்களுக்கு மருந்து வேண்டாம். இது பரம்பரையா வர்றது. உங்க தம்பிக்கும் இதுவாத்தான் இருக்கும். அவர் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு."

பிறகு என் பக்கம் திரும்பினார். என் காலைப் பார்த்தார். "உங்களுக்கு இது கிடையாதும்மா. உங்களோடது வேற. நீங்க ஒரு வேளை மாத்திரைகூட விடக் கூடாது."

பரம்பரை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மருமகளாக வந்தவளுக்கு அந்த வீட்டு ரத்தம் எப்படி வரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், "உனுக்கு எப்படிம்மா எங்க ரத்தம் வரும்? இதுகூட எனுக்குத் தோணலியே" என்றாள். எனக்கு விரல் போனதைவிட, என்னுடையது வேறு என்று டாக்டர் சொன்னதுதான் அப்போது வலித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் சர்க்கரையை விட்டுவிட்டாள். யாரிடமும் அறிவிக்கவில்லை, சத்தியம் செய்யவில்லை. டீயைச் சர்க்கரை இல்லாமல் வாங்கினாள். ஸ்வீட் பாக்ஸ் வந்தால் பிரிக்காமல் தள்ளி வைத்தாள். கிறிஸ்துமஸ் கேக்கை எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். சபையில், கடையில், தெருவில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. தம்பி பொண்டாட்டிக்காக வாயைக் கட்டிவிட்டாளாமே, யாருக்கு வரும் இந்த மனசு என்றார்கள். நானும் அதே கசப்பு டீயைத்தான் குடித்தேன். கால் போகாமல் இருக்கத் தினமும் வாயைக் கட்டினேன். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விட்டது வியாதிக்காக, அவள் விட்டது அன்புக்காக. தின்றபோதும் அவள்தான் ஜெயித்தாள், விட்டபோதும் அவள்தான் ஜெயித்தாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ கொடுத்த ஜாங்கிரி வீட்டில் இருந்தது. தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினேன்.

"சாப்பிடுங்க அண்ணி."

"வேணாம்மா."

"நீங்க சாப்பிடலன்னா என் வெரலு மொளைச்சிருமா?"

என் வீட்டுக்காரர் "ஏய்" என்றார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"மொளைக்காது. எனுக்குத் தொண்டையில எறங்கல, அவ்ளோதான். நீ பாத்துக்கினு இருக்கச் சொல்லோ நான் எப்படித் துன்றது?"

"நான் பாக்கலன்னா துன்னுவீங்களா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "துன்னுவேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். அந்தப் பதிலுக்காக அவளை எனக்கு ஒரு நிமிஷம் பிடித்திருந்தது. பிறகு பெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வந்தவள் பையைப் போட்டுவிட்டு நேராக அத்தை மடியில் போய் விழுந்தாள். அந்த ஒரு நிமிஷமும் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அவள் உபவாசம் இருப்பாள். பெரிய வெள்ளிக்கிழமையன்று பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கும் மும்மணி ஆராதனை முடிகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் படாது. மூன்று மணிக்கு வெளியே வரும்போதும் காலையில் குளித்துவிட்டு வந்தவள் போலவே இருப்பாள். எனக்கு டாக்டர் உபவாசம் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒரு வருஷம் வீம்புக்கு நானும் இருந்தேன். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனியாகப் பிரசங்கம் உண்டு, நான்கு வரை தாக்குப்பிடித்தேன். ஐந்தாவது வார்த்தைக்குப் பிரசங்கம் தொடங்கும்போது கை நடுங்கியது, வேர்வை கொட்டியது, பலிபீடம் இரண்டாகத் தெரிந்தது. பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டேன்.

கண் திறந்தபோது என் வாயெல்லாம் சர்க்கரை. அண்ணி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து எடுத்த காகிதப் பொட்டலத்திலிருந்து நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தாள். "முழுங்கு, முழுங்கும்மா." அந்தப் பொட்டலத்தை அவள் எத்தனை நாளாகப் பையில் வைத்திருந்தாள் என்று தெரியாது. மாத்திரை போட்டுச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டால் வாயில் சர்க்கரை வைக்க வேண்டும் என்று டாக்டர் எனக்குச் சொன்னதை இவள் கேட்டு வைத்திருக்கிறாள். தனக்கு வேண்டாம் என்று விட்ட சர்க்கரையை எனக்காகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கோ, சபை முழுக்க இதைப் பார்க்கிறதே, இன்னும் ஒரு வருஷத்துக்கு இவள் புகழைத்தானே பாடுவார்கள் என்றுதான் இருந்தது. அப்படியேதான் நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முசரவாக்கத்தில் ஒரு துக்கத்துக்குப் போகும்போது மழையில் வண்டி சறுக்கிவிட்டது. ஓட்டிய என் வீட்டுக்காரருக்குக் கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தலையில் அடி. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போட்ட பெண் ரத்தம் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கு, கண்ட்ரோல்ல வைக்கலியா?" என்று என்னிடம் கேட்டாள். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் வந்தது. "அது ஒண்ணும் பண்ணாது. அது அவங்க வீட்டு சர்க்கரை" என்றேன்.

அடக்கத்தன்று நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். ஆனால் என்னைவிட அதிகமாக அழுதது பெனிட்டா. அத்தை என்று அவள் கத்திய கத்தலைக் கேட்டபோது, நான் செத்தால் இப்படிக் கத்துவாளா என்றுதான் முதலில் தோன்றியது. என்ன செய்வது, என் மனசின் வாகு அப்படி.

கல்லூரியில் அந்த முகாம் நடக்கும் வரைக்கும் மகளுக்குச் சர்க்கரை பார்க்கவே நான் விட்டதில்லை. பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே பயம். அவள் உடம்பு வாகு என்னுடையது. இடுப்பு, கழுத்து மடிப்பில் படிகிற கறுப்பு, சாப்பிட்டதும் வருகிற தூக்கம் எல்லாம் நான்தான். இங்கே பார்த்த டாக்டர்கூட, "அம்மாவுக்கு இருக்கா? அப்போ அதுதான், மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார். நான்தான், பொறுங்கள் டாக்டர், அவள் அத்தைக்கு ஒரு பரிசோதனை செய்தார்களே, அதை இவளுக்கும் செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள் என்று பிடிவாதமாக நின்றேன்.

இந்த ஒரு மாதமாக என் ஜெபம் எல்லாம் ஒன்றுதான். ஆண்டவரே, இவளுக்கு என்னுடையது வேண்டாம். அவளுடையதைக் கொடும். இருபத்திரண்டு வருஷமாக யாரை நினைத்தால் எனக்கு வயிறு எரியுமோ, அவளைப் போலவே என் பெண் இருக்க வேண்டும் என்று முழங்காலில் நின்று கேட்கிறேன். மேலே இருக்கிறவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

இதுவரை எழுதி வைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். போன வியாழக்கிழமை முடிவு வந்தது.

பெனிட்டா கல்லூரியிலிருந்து போன் பண்ணினாள். பின்னால் பஸ் சத்தம். "அம்மா, டாக்டர் பேசுனாரு. அத்தையோட ஜீன்தான்மா. அதே எடத்துல அதே மாதிரி மாறியிருக்குதாம். மாத்திரை எதுவும் வேணாமாம்."

"சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். என் காலை நீட்டிப் பார்த்துப் பார்த்து அழுதேன். இவளுக்குப் பத்து விரலும் இருக்கும்.

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். "எங்க அக்கா ரத்தம்" என்றார். "எங்க அக்கா எங்கியும் போவல." மகளைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் காபி போட்டேன், இரண்டு டம்ளரில் சர்க்கரையோடு, ஒன்றில் இல்லாமல். பத்து மாதம் சுமந்தது நான். மாத்திரை வேண்டாம், பொறுங்கள் என்று நின்றதும் நான். ஆனால் அப்பனும் மகளும் ஒரே ரத்தம், நான் வந்து சேர்ந்தவள். இனி அந்த வீட்டில் என்னுடைய சர்க்கரை எனக்கு மட்டும்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நன்மை நடந்தால் காணிக்கை உறையின் மேல் காரணத்தை எழுதிப் போட வேண்டும். பாஸ்டர் ஐயா ஆராதனையில் அதை வாசிப்பார், சபை ஸ்தோத்திரம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நானும் எழுதிப் போட்டேன். பிறந்த நாள், புது வண்டி, வேலை கிடைத்தது என்று வாசித்துக்கொண்டே வந்தவர் என் உறையை எடுத்ததும் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மகள் பெனிட்டாவுக்குச் சர்க்கரை..." இன்னொரு தடவை பார்த்தார். "சர்க்கரை இல்லாதபடி கர்த்தர் காத்ததற்காக."

சபை ஸ்தோத்திரம் என்றது. அவர் அடுத்த உறையை எடுத்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். அந்தக் காலோடு எழுந்து நிற்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"இல்லீங்க ஐயா" என்றேன். "இருக்குது."

"என்னம்மா?"

"எழுதுனது சரிதாங்க ஐயா. பொண்ணுக்கு சர்க்கரை இருக்குது. என்னோடது இல்ல. அவ அத்தையோடது. அதுக்குத்தான் ஸ்தோத்திரம்."

பாஸ்டர் ஐயா குனிந்து அந்த உறையை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை எழுதியிருந்தபடியே வாசித்தார். சபை கொஞ்சம் தயங்கி ஸ்தோத்திரம் சொன்னது. நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் மகள் அவள் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள், அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சின் ஓரத்தில் இருந்தேன். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.